வாலையின் வாயில் வால்வு வேண்டாம்: செராய் எண்ணெய் வடிக்கும்போது ஓட்டமும் அழுத்தமும்

கேள்வி: வணக்கம் அண்ணே. பினாங்கு சுங்கை ஆராவில் இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தேய்க்கலாம் என்று வீட்டுப் பின்கட்டில் செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் வடிக்க ஆரம்பித்தேன். 20 லிட்டர் எவர்சில்வர் பானை, 30 சென்டிமீட்டர் மூடி, அதை இறுக்க ஆறு கிளாம்ப். மூடியிலிருந்து 8 மில்லிமீட்டர் செப்புக்குழாய் போய் ஒரு வாளித் தண்ணீருக்குள் சுருளாகிறது. அதன் முனையில் சிலிக்கோன் ஹோஸ். அடுப்பு இண்டக்‌ஷன். பிரச்சினை என்னவென்றால், வடிநீர் சீராக வருவதில்லை. சொட்டுச் சொட்டாக வந்து திடீரென்று குபுக்கென்று கொட்டுகிறது, சில சமயம் ஆவியும் சேர்ந்து வருகிறது. ஹோஸ் முனையில் ஒரு பால் வால்வு (ball valve) மாட்டியிருக்கிறேன். அதைப் பாதி மூடி வைத்தால் ஓட்டம் சீராகுமா? மூடியில் உள்ள அழுத்தமானி பூஜ்யத்திலேயே நிற்பதால் பயமில்லை என்று நினைக்கிறேன். அடுத்து ஜாதிக்காய் வடிக்க ஆசை. இதே பானையில் பழச்சாராயம் காய்ச்சலாம் என்கிறான் நண்பன். அதுவும் முடியுமா?

பதில்: தம்பி, முதலில் அந்த வால்வைக் கழற்றி வையுங்கள். அதற்குப் பிறகு மீதியைப் படித்தால் போதும்.

பிறை பக்கத்துத் தொழிற்சாலையில் பாய்லர்மேனாக வேலை பார்த்தவன் நான். ஆவியை அடைத்து வைக்க அங்கே தடித்த எஃகு உண்டு, பாதுகாப்பு வால்வு உண்டு, ஜேகேகேபி எனும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை அதிகாரி வந்து பார்த்துத் தரும் தகுதிச் சான்றும் உண்டு. உங்கள் பானைக்கு இதில் ஒன்றும் கிடையாது. அது சோறு வடிக்கவும் சாம்பார் கொதிக்கவும் செய்த மெல்லிய தகடு. அதனால் வீட்டு வாலைக்கு, அதாவது இப்படி வடிக்கும் கலத்துக்கு, ஒரே விதிதான்: ஆவி கிளம்பும் இடத்திலிருந்து கண்ணாடிக் குடுவை வரைக்கும் வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வால்வு, கவ்வி, மடங்கிய ஹோஸ், இறுக்கிய கார்க் எதுவும் அந்த வழியில் கூடாது. ஓட்டத்தை அடுப்பில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். வெளிவாயில் கை வைக்கவே கூடாது.

பாதி மூடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொதிக்கும் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பானைக்குள் நீங்கள் அனுப்பும் வெப்பம் மாறாத வரை கிளம்பும் ஆவியின் அளவும் மாறாது. வால்வை ஒடுக்கினால் வடிநீர் சுருளுக்குள் தேங்கும். தேங்கிய இடத்தில் ஆவி குளிர முடியாது, குளிரும் பரப்பு குறையும். பின்னாலிருந்து வரும் ஆவி அந்தத் தண்ணீரைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் ஏறும். கடைசியில் அதே அளவு தண்ணீர்தான் வெளியே வரும், ஆனால் இப்போது பானைக்குள் அழுத்தம் உட்கார்ந்திருக்கும். வால்வால் கிடைத்தது அது மட்டும்தான்.

முழுதாக மூடிவிட்டால், அல்லது ஒரு செராய்த் துண்டு போய்க் குழாயை அடைத்துவிட்டால் கதை வேறு. 6 லிட்டர் தண்ணீரும் 3 கிலோ புல்லும் உள்ள பானை 100 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்கு ஏற, 2 கிலோவாட் அடுப்பில் ஐந்தாறு நிமிடம் போதும். 120 டிகிரியில் உள்ளே 1 பார் அழுத்தம் இருக்கும். உங்கள் 30 சென்டிமீட்டர் மூடிமேல் அது ஏறக்குறைய 720 கிலோ சுமைக்குச் சமம். கிளாம்ப் ஒன்று நழுவினால் மூடி பறப்பதோடு முடியாது. 120 டிகிரியில் அடைபட்டிருந்த தண்ணீர் திறந்த காற்றைக் கண்டதும் அதில் ஒரு பங்கு அப்போதே ஆவியாகிவிடும். 6 லிட்டரில் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் அது ஆவியாக 300 லிட்டருக்கு மேல். அந்தப் பின்கட்டில் உங்கள் அம்மாவும் நிற்கலாம்.

அழுத்தமானி பூஜ்யம் காட்டுகிறது என்றீர்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 0 முதல் 10 பார் வரை அளப்பது. அதில் ஒரு சின்னக் கோடே 0.2 பார் இருக்கும். உங்கள் மூடிக்கு 0.1 பாரே 70 கிலோ சுமை. அந்த முள் அசைவதற்குள் ஆபத்து வந்து சேர்ந்துவிடும். அதைவிட நல்ல மானி ஒரு தெர்மாமீட்டர். பினாங்கு கடல் மட்டத்தில் இருப்பதால் திறந்த வாலையின் தலைப்பகுதி 99, 100 டிகிரியில் நிற்க வேண்டும். 102 காட்டினால் உள்ளே சுமார் 0.07 பார் ஏறிவிட்டது என்று அர்த்தம், அதாவது மூடிமேல் 50 கிலோவுக்கு மேல். மலிவு தெர்மாமீட்டர் ஒரு டிகிரி முன்பின் காட்டும் என்பதால், முதலில் திறந்த சட்டியில் கொதிக்கும் தண்ணீரில் பிடித்து அது என்ன எண் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் 100. கேமரன் மலையில் இருக்கும் நண்பருக்கு இந்த எண்ணைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும்.

இப்போது மூடிக்கு வருகிறேன். ஆறு கிளாம்பும் வேண்டாம். 2 கிலோ எடையுள்ள 30 சென்டிமீட்டர் மூடி, எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், உள்ளே வெறும் 3 சென்டிமீட்டர் தண்ணீர் உயர அழுத்தத்திலேயே தூக்கிக்கொள்ளும். வாலைக்கு அந்தக் குணம்தான் தேவை. பழைய செப்பு வாலைக்காரர்கள் மூடி விளிம்பில் மாவைப் பிசைந்து அப்பி ஒட்டினார்கள். ஆவி கசியாது, ஆனால் உள்ளே ஏதாவது அடைத்தால் முதலில் விடுவது அந்தப் பசைதான். நீங்களும் கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து விளிம்பைச் சுற்றி அப்புங்கள். இரண்டு மெல்லிய ஸ்பிரிங் கிளிப் போதும். மூடிமேல் அம்மிக்கல்லோ செங்கல்லோ வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது கிளாம்பைப் போலவே ஆபத்தானது.

இதோடு தனியாக ஒரு தப்பும் வழியும் வையுங்கள். மூடியில் இன்னொரு துளை போட்டு, ஆவிக்குழாய்க்குக் குறையாத அகலத்தில் ஒரு குழாயை மேலே எடுத்து, வளைத்துக் கீழே இறக்கி, அதன் முனை ஓர் உயரமான பாட்டில் தண்ணீருக்குள் 20 சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கும்படி விடுங்கள். பாட்டிலின் வாய் திறந்திருக்க வேண்டும். சாதாரண நேரத்தில் அதில் ஒன்றும் நடக்காது. உள்ளே அழுத்தம் 20 சென்டிமீட்டர் தண்ணீரைத் தாண்டினால், அதாவது 0.02 பார் ஆனால், ஆவி அந்த வழியே குமிழியிட்டு வெளியேறும். இதில் நகரும் பாகம் இல்லை, துருப்பிடிக்க ஸ்பிரிங் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. குமிழி கேட்டால் உடனே அடுப்பை அணைத்து அடைப்பைத் தேடுங்கள். சூடான தண்ணீர் தெறிக்கும் என்பதால் பாட்டில் சுவரோரமாக, ஆள் நடக்காத பக்கம் இருக்கட்டும்.

இனி அந்தக் குபுக். உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் காரணம் ஒன்றல்ல, மூன்று சேர்ந்திருக்கிறது.

பெரிய காரணம் ஹோஸ். சுருளின் முனையிலிருந்து குடுவைக்குப் போகும் வழியில் அது தொய்ந்து தொட்டில் மாதிரி தொங்குகிறதா பாருங்கள். அந்தத் தொய்வில் வடிநீர் தேங்கி வழியை அடைக்கும். பின்னால் அழுத்தம் கொஞ்சம் சேரும், தேங்கியதைத் தள்ளும், குபுக். அதோடு காத்திருந்த ஆவியும் வெளியே வரும். பிறகு மறுபடி தேங்கும். வாளிக்குள் இருக்கும் சுருளிலும் இதே கோளாறு வரும். ஒரு சுற்று அடுத்த சுற்றைவிடத் தாழ்ந்து மறுபடி ஏறினால் அங்கே ஒரு குட்டை உண்டாகும். மேலிருந்து கீழ் வரை ஓர் இடத்திலும் ஏறாமல் இறங்கிக்கொண்டே போக வேண்டும். தண்ணீரில் வைக்கும் முன் சுருளுக்குள் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, அசைக்காமல் விட்டால் அத்தனையும் வெளியே வருகிறதா என்று சோதிக்கலாம். ஹோஸைச் சுருக்கி வெட்டுங்கள். அதன் நுனி குடுவைத் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும், அமிழக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாவது இண்டக்‌ஷன் அடுப்பு. மலிவான இண்டக்‌ஷன் அடுப்புகளில் 600 வாட் வைத்தால் அது உண்மையில் 600 வாட் தராது. சில விநாடி ஆயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டுச் சில விநாடி முழுக்க நிற்கும். சூப் காய்ச்ச அது போதும். வாலையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆவி அடங்கி ஒவ்வொரு தொடக்கத்திலும் சீறும். தெர்மோஸ்டாட் வைத்த ஹாட் பிளேட்டும் இதையே செய்யும். விட்டுவிட்டு எரியாத அளவில் இண்டக்‌ஷனை வையுங்கள். பெரும்பாலான அடுப்புகளில் 1,200 வாட்டுக்கு மேல் சீராக ஓடும், சத்தத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும். கேஸ் அடுப்பு என்றால் காற்றுத் தடுப்புத் தகடு வேண்டும். ஆனால் கேஸில் ஒரு பயம் உண்டு, அதையும் கீழே எழுதுகிறேன்.

மூன்றாவது அந்த 8 மில்லிமீட்டர் குழாய். 2 கிலோவாட்டில் விநாடிக்கு ஒன்றரை லிட்டர் அளவு ஆவி கிளம்பும். அது 8 மில்லிமீட்டர் துளை வழியே போனால் விநாடிக்கு 30 மீட்டர் வேகம். ஒரு மீட்டர் நீளத்துக்கே பத்து சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல் அழுத்தத்தை அது தின்றுவிடும், ஓர் இலைத்துணுக்கு அடைக்கவும் போதும். 20 மில்லிமீட்டர் உள்துளை உள்ள குழாயில் அதே ஆவி விநாடிக்கு 5 மீட்டருக்குள் அமைதியாகப் போகும். எனவே மூடியிலிருந்து குளிர்விப்பான் வரை 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மாற்றுங்கள். சுருளின் மேற்பகுதியும் அகலமாக இருந்தால் நல்லது. பிரஷர் குக்கரின் வெயிட் உட்காரும் மூக்கில் ஹோஸை மாட்டி வடிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்த மூக்கின் துளை ஒரு இலைத்துண்டுக்கு மிகச் சின்னது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பானையை நிரப்பும் விதமும் ஓட்டத்தைக் கெடுக்கும். அடியில் 6 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் தண்ணீரைத் தொடாத உயரத்தில் ஒரு சல்லடைத் தட்டு, அதன்மேல் இரண்டு மூன்று அங்குலத் துண்டாக நறுக்கிய செராய் 3 கிலோ. அழுத்தித் திணித்தால் ஆவி எங்கோ ஒரு பொந்து பிடித்து அது வழியாகவே போகும், மற்ற புல்லெல்லாம் பச்சையாகவே கிடக்கும். மேலே நாலு விரல் இடம் காலியாக விடுங்கள். நுரை பொங்கி ஆவிக்குழாய்க்குள் ஏறாமல் இருக்க அந்த இடம் தேவை.

எவ்வளவு வேகம் சரி? இந்தப் பானைக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். 100 மில்லி அளவுக் குவளையை வைத்து நேரம் பாருங்கள். மூன்று, நான்கு நிமிடத்தில் நிறைந்தால் சரி. 2 லிட்டர் வேண்டுமானால் தண்ணீருக்குள் போகும் வெப்பம் 1.25 கிலோவாட் இருக்க வேண்டும். பானையின் பக்கவாட்டில் இழப்பதையும் சேர்த்தால் அடுப்பில் ஏறக்குறைய 1.5 கிலோவாட் வைக்க வேண்டியிருக்கும். அதைவிட விரட்டினால் பிரிகுடுவையில், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்கும் குடுவையில், சுழல் வந்து எண்ணெய்த் துளிகள் தண்ணீரோடு போய்விடும். மிக மெதுவாக விட்டால் புல் வெந்து வாடையடிக்கும். எண்ணெயில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில் பயன் அதிகம் இல்லை, 6 லிட்டரில் 4 லிட்டர் தீர்ந்து அடி காயும் அபாயம்தான் கூடும். 3 கிலோ பச்சைச் செராயில் பத்து மில்லி கிடைத்தாலே நல்ல விளைச்சல். குறைவாகத் தெரிகிறதே என்று அழுத்தத்தைக் கூட்ட நினைக்காதீர்கள். செராய்க்கு மணம் தரும் சிட்ரால் தனியாகக் கொதிப்பது 229 டிகிரியில் என்றாலும் நீராவியோடு சேர்ந்து 100 டிகிரிக்குள்ளேயே வந்துவிடும். அழுத்தம் கூடிச் சூடு ஏறினால் மணம்தான் கெடும். அம்மாவின் காலில் இதை அப்படியே தடவாமல், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு துளி என்று கலந்து முதலில் சின்ன இடத்தில் தடவிப் பாருங்கள்.

குளிர்விக்கும் தண்ணீர்தான் நம் ஊரில் எல்லோரும் ஏமாறும் இடம். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவை இங்கே பின்பற்ற முடியாது. அவர்கள் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் நம்முடையது 28 டிகிரியில் வருகிறது. 45 டிகிரி வரை சூடேற விட்டால் நமக்குக் கிடைப்பது 17 டிகிரி இடைவெளிதான், அவர்களுக்கு அதைப்போல் இரு மடங்கு. மணிக்கு 2 லிட்டர் வடிக்க நிமிடத்துக்கு 1.2 லிட்டர் குளிர்நீர் ஓட வேண்டும். உங்கள் 20 லிட்டர் வாளியில் நிற்கும் தண்ணீர் சுமார் 17 நிமிடத்தில் சூடாகிவிடும். ஆவி சேர்ந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். 200 லிட்டர் தோம்பில் (பீப்பாயில்) தண்ணீர் நிரப்பிச் சுருளைச் சுற்றி ஓட்டினால் ஒரு முழு வடிப்புக்குத் தாராளம். தோம்புக்கு இடமில்லை என்றால் 10 கிலோ ஐஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். புதினா வடிக்கும்போது மட்டும் ஐஸ் தண்ணீர் வேண்டாம். மெந்தால் உறையும் புள்ளி 42 டிகிரியை ஒட்டியது, மிகக் குளிர்ந்த குழாயில் அது படிகமாகி அடைத்துக்கொள்ளும். கற்பூர மணமுள்ள இலைகளிலும் அந்தக் கவனம் தேவை.

தண்ணீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேற வேண்டும். வடிநீர் கையில் பட்டால் இளஞ்சூடாக, 35 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதைவிடச் சூடேறினால் தண்ணீரைக் கூட்டுங்கள், அல்லது அடுப்பைக் குறையுங்கள்.

தண்ணீர் நின்றுபோனால்? 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அது சொல்லிவிட்டு நிறுத்தியது. சொல்லாமல் நிற்கும் நாளும் வரும். குளிர்நீர் நின்றால் எண்ணெய் கலந்த ஆவி அப்படியே வெளியே வரும். செராய் எண்ணெய் 70 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தீப்பற்றும் ஆவியை விடும், எலுமிச்சைத் தோல் எண்ணெய்க்கு 50 டிகிரியே போதும். பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்காகத்தான் நான் மின்சார அடுப்பையும் தோம்பில் போடும் சின்னப் பம்பையும் ஒரே சுவிட்சில் இணைக்கச் சொல்கிறேன். கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து நிற்கும். கேஸ் அப்படி நிற்காது. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பிளக் ஈஎல்சிபி (மின்கசிவானால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பில் இருக்கட்டும், இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. அடுப்பும் பம்பும் சேர்ந்து 13 ஆம்பியரைத் தாண்டக் கூடாது.

பிரிகுடுவையிலும் ஒரு சிறு விஷயம். அடியிலிருந்து தண்ணீரை எடுத்து மேலே கழிக்கும் கைக்குழாயின் உச்சியில் காற்றுக்குத் திறப்பு இருக்க வேண்டும். அதில் நீண்ட ஹோஸை மாட்டித் தரைக்கு இறக்கினால் அது சைஃபனாகிக் குடுவையையே காலி செய்து, மிதக்கும் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நிறுத்தும்போது ஏற்படும் ஆபத்தைப் பலர் நினைப்பதே இல்லை. அடுப்பை அணைத்ததும் பானைக்குள் இருக்கும் ஆவி சுருங்குகிறது. 1,670 லிட்டர் ஆவி ஒரு லிட்டர் தண்ணீராகிறது. வழி திறந்திருந்தால் காற்று உள்ளே போய் இடத்தை நிரப்பும். ஹோஸ் நுனி குடுவைத் தண்ணீரில் அமிழ்ந்திருந்தால் எண்ணெயோடு சேர்த்து எல்லாவற்றையும் பானைக்குள் இழுத்துக்கொள்ளும். நுனி தண்ணீருக்கு மேலே நிற்கட்டும் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். வழி முழுக்க அடைபட்டிருந்தால் வெளிக்காற்று பானையை நசுக்கும். எனவே முதலில் அடுப்பை அணையுங்கள். குளிர்நீரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். தலைப்பகுதி 70 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு, முகத்தை விலக்கி, உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்கித் திறங்கள். ஆவி சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசையோ மஞ்சளோ அப்பக் கூடாது.

உங்கள் நண்பர் சொன்ன பழச்சாராயத்துக்கு என் பதில் கூடவே கூடாது என்பதுதான். உரிமம் இல்லாமல் சாராயம் காய்ச்சுவது மலேசியாவில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எத்தில் ஆல்கஹால் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். நான் மேலே சொன்ன மாவுப் பசையும் திறந்த பாட்டிலும் அதற்குப் பொருந்தவே பொருந்தாது. தோட்டங்களில் நம் மக்களின் குடும்பங்களைச் சம்சு என்ற மலிவுச் சாராயம் என்ன பாடு படுத்தியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்ததையும் அந்த நண்பரிடம் சொல்லுங்கள்.

ஜாதிக்காய்க்கு வருகிறேன். பாலேக் பூலாவ் பக்கம் நல்ல காய் கிடைக்கும். கடைகளில் ஊறுகாயாகும் சதையை விட்டு, உள்ளே இருக்கும் காய்ந்த பருப்பை வடிக்க வேண்டும். கொரகொரப்பாக இடித்தால் போதும். மாவாக்கினால் சல்லடைத் தட்டை அடைத்து அடியில் அழுத்தம் சேரும். மல் துணி ஒன்றைத் தட்டின்மேல் தளர்வாக விரித்து அதன்மேல் பரப்புங்கள். இந்த எண்ணெய் மணிக்கணக்கில் மெதுவாகவே வரும், ஆகவே வழியில் தண்ணீர் தீரும். தீரும்போது மூடிய பானைக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ஆவி ஒரே நொடியில் ஒடுங்கி வெற்றிடம் உண்டாகும், தப்பும் குழாயில் இருக்கும் தண்ணீரெல்லாம் உள்ளே பாயும். அடுப்பைக் குறைத்து, இன்னொரு சட்டியில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரைப் புனல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஜாதிக்காய் எண்ணெயில் மிரிஸ்டிசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், கருநிறப் பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள்.

குழாயை மாற்றிய பிறகு முதல் ஓட்டத்தை வெறும் தண்ணீரில் நடத்துங்கள், புல் போடாமல். தலைப்பகுதிச் சூடு, 100 மில்லி நிறைய ஆகும் நேரம், வெளியேறும் குளிர்நீரின் சூடு, இந்த மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்து அடுப்பை எந்த அளவில் வைக்கலாம் என்று சொல்கிறேன்.